பழைய கதவு, புதிய கோயில்: ரீபூட் என்றால் என்ன, ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அன்றைக்கு நல்ல மழை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள், என் மருமகள், அவளுக்குப் பதினாறு வயது, டிவியில் ஓர் அமெரிக்க விண்வெளித் தொடரைப் போட்டாள். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா', 2003-இல் வந்த புதிய வடிவம். பெயரைப் பார்த்ததும் அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் 1978 வடிவத்தை வீடியோ கேசட்டில் நாடா தேயும்வரை பார்த்து வளர்ந்தவர் அவர்.

கொஞ்ச நேரத்தில் விண்கலத்தின் நடைபாதையில் ஒரு பெண் ஓடி வந்தாள். எதிரே வந்த தலைவர் அவளை 'ஸ்டார்பக்' என்று கூப்பிட்டார். அத்தான் எதுவும் சொல்லவில்லை. எழுந்தார், வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் அறிந்த ஸ்டார்பக் ஓர் ஆண். சுருட்டும் சீட்டாட்டமும் சிரிப்புமாகத் திரியும் போர் விமானி. சின்ன வயதில் தெருப்பிள்ளைகளோடு விளையாடும்போது எப்போதும் தான்தான் ஸ்டார்பக் என்று எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு அந்தப் பெண் விமானியைப் பார்த்தவுடனே பிடித்துப்போய்விட்டது. "மாமா, பழைய தொடரை யாரும் அழிச்சிடலையே? அது அப்படியேதானே இருக்கு? அப்புறம் அப்பாவுக்கு ஏன் கோபம்?" என்று கேட்டாள்.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அப்புறம் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ரீபூட் என்பது கணினிக்காரர்களின் சொல். கணினி சிக்கிக்கொண்டால் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோமே, அதுதான். இயந்திரம் அதேதான். ஆனால் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை எல்லாம் போய்விடும். கதைக்கும் அதே கணக்கு. பாத்திரங்களின் பெயர், அவர்கள் வாழும் உலகம், அடிப்படைச் சூழ்நிலை எல்லாம் இருக்கும். இதுவரை அவர்களுக்கு நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும். முதல் நாளிலிருந்து கதை மறுபடி தொடங்கும்.

இதை மற்ற மூன்று நான்கு விஷயங்களோடு குழப்பிக்கொள்வது சுலபம். ரீமேக் நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு மொழியில் ஓடிய படத்தை இன்னொரு மொழியில் எடுப்பது, பழைய படத்தையே புது நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பது. அங்கே மறுபடி சொல்லப்படுவது ஒரே ஒரு கதை. ரீபூட்டில் மறுபடி தொடங்குவது ஒரு முழு உலகம், அதிலிருந்து பல கதைகள் புதிதாகக் கிளைக்கும். தொடர்ச்சி என்றால் விட்ட இடத்திலிருந்து போவது. முன்கதை என்றால் முதல் கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்வது. இன்னொன்றும் உண்டு, மறுவரவு. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' டிவி தொடர் 1963-இல் தொடங்கி 1989-இல் நின்றுபோய், 2005-இல் மறுபடி வந்தது. புது நடிகர், புது மெருகு. ஆனால் பழைய கதை எதையும் அழிக்கவில்லை. நாயகன் சாகும் தறுவாயில் வேறு உருவம் எடுப்பான் என்ற வழியை 1966-இலேயே வைத்துவிட்டதால், ஆள் மாறினாலும் அதே ஆள்தான். முன்னால் நடந்தது நடந்ததாகவே கணக்கில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இருக்கிறது என்றால் அது ரீபூட் இல்லை.

அந்தக் கணக்குக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேனன்'. மதநூல்களிலிருந்து எடுத்த சொல். எது ஏற்கப்பட்ட நூல், எது வெளியே நிற்கும் நூல் என்று வகுப்பது. நம் திருமுறைகளை நினைத்துக்கொண்டால் உடனே விளங்கிவிடும். நம்பியாண்டார் நம்பி தொகுத்ததும், பிறகு பெரியபுராணம் பன்னிரண்டாவதாகச் சேர்ந்ததும் கோயிலில் தேவாரம் படிக்கிற யாருக்கும் தெரியும். தொகுப்புக்குள் வந்த பாட்டுக்கு ஓர் இடம், வராத பாட்டுக்கு வேறோர் இடம். 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தில் இது ஒருநாள் சட்டென்று நடந்தது. அந்த நிறுவனத்தை டிஸ்னி 2012-இல் வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை பல ஆண்டுகளாக வந்த நாவல்களும் காமிக்ஸும் இனி 'பழங்கதைகள்' என்ற தனி அடையாளத்தோடு நிற்கும், புதிய படங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிப்பு வந்தது. அலமாரி நிறைய அந்த நாவல்களை வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு புத்தகமும் அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் அவற்றில் இருந்த திருமணங்களும் பிள்ளைகளும் மரணங்களும் ஒரே நாளில் 'நடக்காதவை' ஆகிவிட்டன.

என் மருமகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. பழையதை யாரும் அழிப்பதில்லை என்பது உண்மைதான். அதன் தகுதியைத்தான் மாற்றுகிறார்கள்.

நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் ஓடிய கதையில் புதிதாக நுழைகிறவர் திணறுவார். தெரிந்த பெயரை வைத்தால் கூட்டம் வரும். சரி, அது வியாபாரம். ரசிகர் பக்கம்தான் எனக்கு முக்கியம்.

எங்கள் ஊரில் தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட்' என்று சொல்வோம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது. பாரதக் கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறவர்களில் முடிவு தெரியாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். கட்டியங்காரன் வந்து இன்றைக்கு நடக்கிற எதையும் பேசலாம். டர்பன் பஸ் கட்டணத்தைப் பற்றிக்கூடப் பேசலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சபதம் நிறைவேறும் முன்னால் திரௌபதி கூந்தலை முடிந்துவிட்டால்? ஆயாமார் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். கதையில் மாறலாம் என்று ஒரு பகுதி உண்டு. மாறக்கூடாது என்றும் ஒரு பகுதி உண்டு. எது எது என்று எங்கும் எழுதி வைத்திருக்காது. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், அவ்வளவுதான். ரீபூட் எடுக்கிறவர் அந்த எழுதாத எல்லையைத் தெரிந்தோ தெரியாமலோ மிதிக்கும்போதுதான் சத்தம் கிளம்புகிறது.

அதிலும் ஒரு சிக்கல். பாரதத்துக்கு நூல் இருக்கிறது. கூத்து எப்படிப் போனாலும் நூலைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அறிவியல் புனைகதையிலும் நூலிலிருந்து வந்தவை உண்டு. 'டியூன்' 1965-இல் வந்த நாவல். 1984-இல் ஒரு படம், 2021-இல் இன்னொரு படம். எந்தப் படம் பிடிக்காவிட்டாலும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு "இதுதான் மூலம்" என்று சொல்லலாம். ஆனால் 'ஸ்டார் ட்ரெக்', 'கேலக்டிகா' போன்றவை திரையிலேயே பிறந்தவை. அந்த நடிகரின் முகம், அந்தக் குரல், அந்த இசை, பொம்மை போலச் செய்த அந்தக் கப்பல், இவைதான் மூலம். வேறு முகத்தை வைத்தால் மூலத்தையே தொட்டுவிட்டது போல ஆகிவிடுகிறது.

முகமும் குரலும் எவ்வளவு ஆழமாகப் போய் உட்காரும் என்பது தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில்தான். நிறவெறி ஆட்சிக்கு எதிராக பிரிட்டன் நடிகர் சங்கம் தடை போட்டதால், அந்த ஊர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இங்கே வரவில்லை. வந்தவை அதிகமும் அமெரிக்கத் தொடர்கள். அவற்றில் பலவற்றுக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் குரல் கொடுத்துப் போடுவார்கள். 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' நாயகன் எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கான்ஸில்தான் பேசினான். பின்னாளில் சில தொடர்களுக்கு அசல் ஆங்கில ஒலியை 'ரேடியோ 2000' என்ற வானொலி நிலையத்தில் அதே நேரத்தில் விடுவார்கள். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பி வைப்போம். அந்த ஆங்கிலக் குரலை முதலில் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது நினைவிருக்கிறது. அசல் அதுதான். ஆனால் என் காதுக்குப் போலியாகப் பட்டது. யாருக்கு எது முதலில் வந்து சேர்ந்ததோ அதுதான் அவருக்கு அசல். என் மருமகளுக்கு ஸ்டார்பக் ஒரு பெண். இன்னும் இருபது வருடம் கழித்து யாராவது அந்தப் பாத்திரத்தை மறுபடி ஆணாக்கினால் அவளும் வராந்தாவுக்குப் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம்மவர்கள் ஒரு கோயில் கட்டினார்கள். 1905-இல் வந்த வெள்ளத்தில் அது போய்விட்டது. இப்போது கேட்டோ மேனரில் இருக்கும் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1947-இல் எழுந்தது. இடம் வேறு, சுவர் வேறு, கோபுரம் வேறு. ஆனால் வெள்ளத்திலிருந்து மீட்ட பழைய கதவுகளைப் புதிய கோயிலில் மாட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் ஆயா என்னைக் கூட்டிப்போகும்போதெல்லாம் முதலில் அந்தக் கதவில் கை வைத்துக் கும்பிடுவார். அப்புறம்தான் உள்ளே போவார். "இதுதான் அந்தக் கோயில்" என்பார். புதிய கோயில் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

ரீபூட் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தக் கதவைத்தான் காட்டுவேன். பழைய சுவரை அப்படியே எழுப்பு என்று ரசிகர்கள் கேட்பதாகச் சொல்கிறவர்கள் அவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவர்கள் கதவைத் தேடுகிறார்கள். கதவு எங்கே இருக்கிறது என்று கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

'கேலக்டிகா' கதையையே எடுத்துக்கொள்ளலாம். 'ஸ்டார் வார்ஸ்' வந்த மறு வருடம், 1978-இல், அமெரிக்காவில் அந்தத் தொடர் தொடங்கியது. பன்னிரண்டு உலகங்களில் வாழ்ந்த மனிதர்களை சைலான்கள் என்ற இயந்திரப் படை அழித்துவிடுகிறது. பிழைத்த கொஞ்சப் பேர் கிடைத்த கப்பல்களில் ஏறி, ஒரே ஒரு போர்க்கப்பலின் காவலில், பூமி என்று கேள்விப்பட்ட ஓர் இடத்தைத் தேடிப் போகிறார்கள். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. அத்தானின் குடும்பம் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கிளப்பப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது. வீட்டை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு வரிசையாகப் போகும் ஜனங்களை அவர் திரையில் வேடிக்கையாகப் பார்த்திருக்க மாட்டார்.

தொடர் ஒரே பருவத்தோடு 1979-இல் நின்றது. 1980-இல் ஒரு தொடர்ச்சி வந்து பத்தே பகுதிகளில் முடிந்தது. கதை பாதியில் நின்றதுதான் ரசிகர்களுக்குப் பெரிய காயம். அப்பல்லோ என்ற பாத்திரத்தில் நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் அதை விடவே இல்லை. பழைய கதை தொடர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு முன்னோட்டப் படம் எடுத்து, 1999-இல் ரசிகர் கூட்டங்களில் போட்டுக் காட்டினார். ரசிகர்கள் இருபது வருடமாக விட்ட இடத்திலிருந்து கதை போகும் என்று காத்திருந்தார்கள்.

வந்தது ரீபூட். 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களுக்கு எழுதி அனுபவப்பட்ட ரொனால்ட் மூர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். ஸ்டார்பக்கும் பூமர் என்ற இன்னொரு விமானியும் பெண்களானார்கள். பழைய கதையில் சைலான்களின் மூலம் வேறு ஓர் உயிரினம்; இங்கே மனிதர்களே செய்து, மனிதர்களையே எதிர்த்த இயந்திரங்கள் அவை. போதாததற்குச் சில சைலான்கள் பார்க்க மனிதர்களாகவே இருந்தார்கள். தொடரின் 25-ஆவது ஆண்டுக்காக 2003-இல் கூடிய ரசிகர்களிடம் மூர் நேரில் போய்ச் சில காட்சிகளைக் காட்டினார். அந்த அரங்கம் அவரை நன்றாக நடத்தவில்லை. பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் புதியதைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்த ரசிகர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருபத்தைந்து வருடம் ஒரு கதைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். கதை தொடரும் என்ற நம்பிக்கை ரீபூட்டோடு முடிந்துபோனது. ஆளை மாற்றிய கோபத்துக்கு அடியில் அந்த இழப்பு இருந்தது. வெளியே பார்க்கிறவருக்கு "பெண்ணைப் போட்டதற்கா இவ்வளவு சத்தம்" என்றுதான் தெரியும். சிலருக்கு அது மட்டுமே காரணமாகவும் இருந்திருக்கும், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் என் அத்தான் போன்றவர்களிடம் நிதானமாகப் பேசினால் வேறு ஒன்று வெளியே வரும். "என் கதையை முடிக்காமலேயே மூடிட்டாங்க" என்று அன்றைக்கு வராந்தாவில் அவர் சொன்னார்.

பிறகு நடந்தது அழகானது. ஹாட்ச் முதலில் எதிர்த்தார். ஆனால் புதிய தொடர் அவரை அழைத்தபோது போனார். டாம் ஸேரக் என்ற அரசியல் கைதியாக, பழைய அப்பல்லோவுக்கு நேர் எதிரான ஒரு பாத்திரத்தில் நடித்தார். புதிய அப்பல்லோவும் பழைய அப்பல்லோவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தொடர் 2009 வரை ஓடியது. நல்ல ஒளிபரப்புக்கு அமெரிக்காவில் கொடுக்கும் பீபாடி விருதையும் வாங்கியது. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஐ.நா. அரங்கிலேயே இந்தத் தொடரை முன்வைத்து மனித உரிமை பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. 2001 தாக்குதலுக்குப் பிந்தைய பயமும், போரும், கைதிகளை நடத்தும் விதமும் அந்தக் கதைக்குள் வந்திருந்தன.

இதில் கதவு எது? மூர் சுவரை எல்லாம் இடித்தார், ஆனால் வீடிழந்த ஜனங்கள் கூட்டமாகப் போகிற அந்தப் பயணத்தைத் தொடவில்லை. முதல் பகுதியில் கேலக்டிகா கப்பல் அருங்காட்சியகமாக மாறப் போகிறது. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பழங்காலச் சைலான் 1978-இன் அதே வெள்ளிக் கவசத்தோடு நிற்கும். பழையதை அவர் கேலி செய்யவில்லை, தாத்தா படத்தை மாட்டுவது போல மாட்டி வைத்தார்.

'ஸ்டார் ட்ரெக்' வேறு வழியில் போனது. 1966-இல் தொடங்கிய அந்தத் தொடரை 1968-இல் நிறுத்தப் பார்த்தபோது ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து இன்னொரு பருவத்தை வாங்கினார்கள். ரசிகருக்கு இதில் உரிமை உண்டு என்ற எண்ணம் வலுப்பட அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களிடம் போய் "கதையை முதலிலிருந்து தொடங்குகிறோம்" என்று சொல்வது லேசான காரியமில்லை. 2009-இல் வந்த படம் அதைக் கதைக்குள்ளேயே தீர்த்தது. எதிர்காலத்திலிருந்து ஒருவன் காலத்தில் பின்னோக்கி வந்து வரலாற்றைத் திருப்பிவிடுகிறான். அங்கிருந்து ஒரு புதிய கிளை பிரிகிறது. பழைய வரலாறு அதன் பாட்டில் எங்கோ முழுதாக இருக்கிறது. 1966 தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக், அதே பழைய நடிகர் லெனர்ட் நிமாய், அந்தப் பழைய கிளையிலிருந்து வந்து இளம் ஸ்பாக்கைச் சந்திக்கிறார். "பழையதை யாரும் அழிச்சிடலையே" என்று என் மருமகள் கேட்டாளே, அந்தக் கேள்வியையே திரைக்கதையாக்கிவிட்டார்கள். பெரியவர் கையாலேயே சாவியைக் கொடுக்க வைத்ததால் முணுமுணுத்தவர்கள்கூட உள்ளே போனார்கள்.

அதே ஆட்கள் அடுத்த படத்தில் கதவைத் தவறவிட்டதையும் சொல்ல வேண்டும், அது நம்மைத் தொடுகிற விஷயம். 1967-இல் 'ஸ்டார் ட்ரெக்' ஒரு பகுதியில் கான் நூனியன் சிங் என்ற பாத்திரம் வந்தது. மரபணுவைத் திருத்தி உருவாக்கிய மாமனிதன், ஒரு காலத்தில் பூமியில் கால்பங்குக்கு மேல் ஆண்டவன். வட இந்தியாவைச் சேர்ந்தவனாக இருக்கலாம், சீக்கியனாக இருக்கலாம் என்று அந்தப் பகுதியிலேயே ஒரு பாத்திரம் சொல்லும். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான், அதுவும் சரியான தேர்வில்லை. ஆனாலும் வெள்ளைக்காரர்களே நிறைந்த திரையில், அறிவிலும் வலிமையிலும் எல்லோரையும் மிஞ்சிய ஒருவனுக்கு நம் பக்கத்துப் பெயர் இருந்தது. 1982 படத்தில் அவன் மறுபடி வந்தபோது, கடற்கரையில்கூட எந்தப் பக்கம் குளிக்கலாம் என்று பலகை வைத்திருந்த ஊரில் இருந்த எங்களுக்கு, அந்தப் பெயரைத் திரையில் கேட்பதே ஒரு தெம்பு. வில்லன் என்றாலும் பரவாயில்லை.

2013 படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பாட்ச் வந்தார். படம் வெளிவரும்வரை அவர் கான் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வசூல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆகஸ்டில் லாஸ் வேகஸில் கூடிய ரசிகர்கள் 'ஸ்டார் ட்ரெக்' படங்களை வரிசைப்படுத்தியபோது இதைக் கடைசியில் வைத்தார்கள். பழைய படத்தின் உச்சக்காட்சியைத் தலைகீழாக்கித் திருப்பிப் போட்டது அவர்கள் சொன்ன ஒரு குறை, கானின் நிறம் மாறியது இன்னொரு குறை. என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரியது. 1967-இல் இந்திய நடிகர் கிடைக்கவில்லை என்று சொன்னால் வேண்டா வெறுப்பாகக் கேட்டுக்கொள்ளலாம். 2013-இல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பார்த்தீர்களா, ஸ்டார்பக் ஆணிலிருந்து பெண்ணானதை நான் ஏற்கிறேன், கான் இந்தியரிலிருந்து ஆங்கிலேயரானதை ஏற்க மறுக்கிறேன். இரண்டும் ஆள் மாற்றம்தானே என்று கேட்கலாம், மருமகளும் கேட்டாள். ஸ்டார்பக்கின் துடுக்கு, பறக்கும் திறமை, கட்டளைக்கு அடங்காத குணம் எல்லாம் அந்தப் பெண்ணிடமும் அப்படியே இருந்தன. திரையில் ஏற்கெனவே நிறைய இடம் வைத்திருந்தவர்களிடமிருந்து ஓர் இடம், இடமே இல்லாதவர்களுக்குப் போயிற்று. கான் விஷயத்தில் இருந்த ஓரிடமும் போயிற்று. அதனால்தான் ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு புகாரை ஒரே தராசில் போட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

பாதி மனிதன், பாதி இயந்திரமான ஒரு போலீஸ்காரனின் கதை 'ரோபோகாப்'; 2014-இல் மறுபடி வந்த அந்தப் படத்துக்கும் இப்படி ஒரு சத்தம் எழுந்தது. கவசத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள் என்று பலர் குறைபட்டார்கள். அது சுவர் வண்ணம், நாள்பட்டால் பழகிவிடும். ஆனால் 1987 படத்தில் ஒரு நிறுவனம் ஊரையே விலைக்கு வாங்குவதைக் குத்திக்காட்டிய காரம் குறைந்துவிட்டது என்றவர்கள் கதவைப் பற்றிப் பேசினார்கள்.

இனி வலிக்கிற ஒரு பகுதி. 2017-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் வியட்நாமிய வம்சாவளிப் பெண். இனத்தையும் உருவத்தையும் வைத்து அவரை இணையத்தில் அப்படி வதைத்தார்கள், 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பாத்திரம் பிடிக்கவில்லை, கதை பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் நடிக்க வந்தவரிடம் "நீ ஏன் இந்தப் படத்தில் இருக்கிறாய்" என்று கேட்பது விமர்சனமே இல்லை. அந்தக் கேள்வியைப் பஸ்ஸிலும் பூங்காவிலும் தியேட்டரிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதை ரசிகர் கோபம் என்ற பெயரில் மறுபடி கேட்கும்போது அடையாளம் தெரிந்துவிடுகிறது. புதிதாக இந்த உலகத்துக்குள் வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படைப்பின் மேல் வருகிற கோபத்துக்குள் அன்பு இருக்கும், அதோடு உட்கார்ந்து பேசலாம். மனிதர் மேல் காட்டும் வெறுப்போடு பேச ஒன்றுமில்லை.

மருமகளிடம் இவ்வளவும் ஒரே நாளில் சொல்லவில்லை, நாலைந்து ஞாயிறு ஆயிற்று. அதற்குள் அவள் புதிய தொடரில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டாள். அத்தான் அந்த நேரத்தில் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடியோடு ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

இரண்டாம் பருவத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு செய்தியாளர் கேலக்டிகா கப்பலில் உள்ளவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பார். படம் முடியும்போது அந்த மக்களின் தேசிய கீதம் என்று ஓர் இசை வரும். அது வேறொன்றும் இல்லை, ஸ்டூ பிலிப்ஸ் 1978 தொடருக்குப் போட்ட முகப்பு இசை. புதிய தொடரின் மனிதர்கள் அதைத் தங்கள் கீதமாக வைத்திருக்கிறார்கள். மருமகளுக்கு அந்த இசையின் பழைய கதை தெரியாது, நான்தான் சொன்னேன். கேட்டதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்த் தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள், டிவி சத்தத்தைக் கூட்டினாள், அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டாள்.

அத்தான் கையில் கத்தரிக்கோலோடு வாசற்படி வரை வந்தார். செருப்பில் மண் இருந்ததால் உள்ளே வரவில்லை. இசை முடியும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"இன்னொரு தரம் போடும்மா" என்றார்.